செத்த முகவரிக்கு விளம்பரம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் சேலைக்கடை, நகைக்கடை, டியூஷன் சென்டர், விமான டிக்கெட் போடும் முகவர் என்று யார் கணினியைத் திறந்தாலும் வாடிக்கையாளர் ஈமெயில் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் எத்தனை முகவரி உயிரோடு இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. இங்கே முகவரிகள் சாவதற்கு இந்த ஊருக்கே உரிய காரணங்கள் உண்டு. பல்கலைக்கழகத்துக்கான யூபியூ விண்ணப்பம், பிடிபிடிஎன் கல்விக் கடன், வருமான வரி ஈ-பைலிங் என்று ஏதோ ஒரு பாரத்துக்காகச் சைபர் கஃபே பையன் திறந்து கொடுத்த யாஹூ முகவரியின் கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். தோட்டம் கைமாறித் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோனவர்கள் கைத்தொலைபேசி எண்ணை மாற்ற, மீட்பு எண்ணும் போய், ஜிமெயிலுக்குள் நுழைய வழியில்லாமல் விட்டிருப்பார்கள். தோட்ட அலுவலகக் கிராணி (எழுத்தர்) வேலையை விட்டதும் நிறுவனம் கொடுத்த முகவரி நின்றுபோகும். இணையச் சேவை நிறுவனமான ஜாரிங் 2015இல் மூடியபோது அதோடு போனவையும் உண்டு.

ஈமெயில் இலவசம்தானே, போனால் போகிறது, போகாவிட்டால் என்ன நட்டம் என்ற எண்ணம்தான் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர். ஒருவர் யார் யாருக்கு அனுப்புகிறார் என்பதை வைத்தே ஜிமெயிலும் யாஹூவும் அவரை எடைபோடுகின்றன. இல்லாத முகவரிகளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்புபவர் பட்டியலை விலைக்கு வாங்கியவராகவோ ஊகித்து எழுதியவராகவோதான் இருக்க வேண்டும் என்பது அவற்றின் கணக்கு. தண்டனை செத்த முகவரிக்கு இல்லை. உயிரோடு இருக்கும் வாடிக்கையாளருக்குப் போகிற அஞ்சல் ஸ்பாமில் விழும். நேற்று நகை வாங்கியவருக்கு அனுப்பிய ரசீது உட்பட.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும். முதலாவதை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்; மற்றவை அதில் சொல்லும் எண்களை வைத்தே பேசுகின்றன.

அனுப்பிய சில நிமிடத்தில் அஞ்சல் திரும்பி வருகிறது

திரும்பி வந்ததைத் திறக்காமலே அழிப்பதுதான் வழக்கம். காரணம் அதற்குள்தான் எழுதியிருக்கிறது. கீழே இறங்கிப் பார்த்தால் 550, 552, 421 என்று மூன்று இலக்க எண் ஒன்றும், பக்கத்தில் 5.1.1 போலப் புள்ளி வைத்த எண் ஒன்றும் இருக்கும். 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. 4இல் தொடங்கினால் தற்காலிகம். அனுப்பும் சர்வர் தானே மறுபடி முயன்று பார்க்கும், நீங்கள் உடனே கை வைக்க வேண்டாம்.

5.1.1 என்றால் @ குறிக்கு முன்னால் உள்ள பெயரில் அங்கே யாரும் இல்லை. ஒரு தடவை வந்தாலே அந்த முகவரியை நிறுத்துங்கள். தீபாவளிக்கு இன்னொரு முறை அனுப்பிப் பார்ப்போம் என்பது வேண்டாத வேலை. 5.1.2 என்றால் @க்குப் பின்னால் உள்ள டொமைனே இல்லை. 5.1.10 என்றால் டொமைன் இருக்கிறது, ஆனால் நாங்கள் அஞ்சலே வாங்குவதில்லை என்று அதன் உரிமையாளர் அறிவித்து வைத்திருக்கிறார். 5.2.1 என்றால் கணக்கு இருக்கிறது, முடக்கப்பட்டிருக்கிறது. இந்த நான்குக்கும் ஒரே வைத்தியம்: உடனே நிறுத்துவது.

5.2.2, 4.2.2 இரண்டும் பெட்டி நிரம்பிவிட்டது என்று சொல்பவை. இவற்றில் அவசரப்படாதீர்கள். கூகள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் காப்புநகலும் 2024 முதல் இதே கணக்கில் சேர்கிறது. காலை வணக்கப் படங்களையும் குடும்பக் குழு வீடியோக்களையும் அழிக்காத ஒருவருக்குப் பெட்டி நிரம்ப அதிக நாள் பிடிக்காது. ஆகவே நிரம்பிய பெட்டிக்குப் பின்னால் பல நேரம் உயிருள்ள வாடிக்கையாளர் இருப்பார். ஒரு மாத இடைவெளிக்குள் மூன்று முறை இப்படித் திரும்பினால் அனுப்புவதை நிறுத்தி வைத்து, அடுத்த முறை கடைக்கு வரும்போது நேரில் சொல்லிவிடுங்கள். வங்கி அனுப்பும் அஞ்சலும் அவருக்குப் போய்ச் சேராமல்தான் இருக்கும்.

எல்லா நிறுவனமும் ஒரே எண்ணைத் தருவதில்லை. ஹாட்மெயில், அவுட்லுக் முகவரி இல்லையென்றால் 550 5.5.0 என்றும் பெட்டி கிடைக்கவில்லை என்றும் வரும். யாஹூ 554 என்று போட்டு, அந்தப் பெயரில் கணக்கு இல்லை என்றோ கணக்கு முடக்கப்பட்டது என்றோ வாக்கியமாக எழுதும். எண் குழப்பினால் வாக்கியத்தைப் படியுங்கள்.

இனி மிக முக்கியமானது. 5.7.1, 5.7.26 என்று நடுவில் 7 வந்தால் அது முகவரியைப் பற்றியதே அல்ல, உங்களைப் பற்றியது. வாங்கும் பக்கம் உங்களை நம்பவில்லை. திரும்பிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பட்டியலிலிருந்து தூக்குபவர்கள் இந்த இடத்தில்தான் நல்ல வாடிக்கையாளரை எல்லாம் அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். 7 வந்த முகவரிகளைத் தனியே எடுத்து வையுங்கள். கீழே அதற்குத் தனி இடம் உண்டு.

5.1.1 வந்ததை நிறுத்துமுன் எழுத்துப்பிழையா என்று ஒரு பார்வை பார்க்கலாம். தீபாவளிக் கார்னிவலில் அதிர்ஷ்டக் குலுக்கல் பெட்டியில் போட்ட சீட்டுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்த பட்டியல் என்றால் பிழை நிச்சயம். சுழியமும் ஓவும், ஒன்றும் எல்லும் இடம் மாறும். ஜிமெயில்.காம்.மை என்று நம் ஊர் வால் ஒன்றைச் சேர்த்து எழுதுவது இங்கே சாதாரணம். யாஹூவில் மட்டும் இந்தத் திருத்தம் ஆபத்து: யாஹூ.காம், யாஹூ.காம்.மை இரண்டும் உண்மையான முகவரிகள், இரண்டும் வேறு வேறு ஆட்கள். அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதும் பழக்கத்தில் ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகன், மகள்) என்பதைச் சாய்கோட்டோடு முகவரிக்குள் நுழைப்பதும் உண்டு. ஜிமெயில் பெயரில் சாய்கோடு வராது. இன்னொன்று, ஜிமெயில் பெயருக்குள் இருக்கும் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. புள்ளி வைத்து ஒன்றும் வைக்காமல் ஒன்றும் பட்டியலில் இருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு அஞ்சல் போகும், அவரும் எரிச்சலில் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். யாஹூவில் புள்ளி இருந்தால் வேறு முகவரி. அங்கே இணைக்கக் கூடாது.

டியூஷன் சென்டர்கள் கவனிக்க வேண்டியது டெலிமா முகவரி. பெற்றோர் தங்களிடம் ஈமெயில் இல்லை என்று பிள்ளையின் எம்ஓஇ-டிஎல் முகவரியைப் பாரத்தில் எழுதிவிடுவார்கள். அது கல்வி அமைச்சு பிள்ளையின் படிப்புக்காகத் தந்த கணக்கு. திரும்பாவிட்டாலும் அதற்கு விளம்பரம் அனுப்பக் கூடாது. பெற்றோரின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிழை எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்துத் திருத்தாதீர்கள். ஊகம் இன்னொருவர் பெட்டியில் போய் விழுந்தால் அதுவே கேட்காத விளம்பரம்.

நாலைந்து நாள் கழித்துத் திரும்புகிறது

டொமைன் கைவிடப்பட்டிருக்கும். அஞ்சல் வாங்கும் சர்வரைக் காட்டும் எம்எக்ஸ் பதிவு இல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் அந்த டொமைனின் இணையதள முகவரியிலேயே கதவைத் தட்டிப் பார்க்கும். பதில் வராது. நாலைந்து நாள் வரை முயன்றுவிட்டுத்தான் கைவிட வேண்டும் என்பது அஞ்சல் சர்வர்களின் பொது விதி. டொமைன் பெயரை எம்எக்ஸ் டூல்பாக்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். எம்எக்ஸ் இல்லை என்று வந்தால் அந்த டொமைனில் உள்ள எல்லா முகவரிகளையும் சேர்த்து நிறுத்துங்கள்.

எம்எக்ஸ் இருந்து, இணையதளத்தில் இந்த டொமைன் விற்பனைக்கு என்று இருந்தால் இன்னும் மோசம். மூடிப்போன கடையின் டொமைனை வேறு யாரோ வாங்கிவிட்டார். பழைய ஆள் என்று நினைத்து அனுப்புவதெல்லாம் அவர் கைக்குப் போகும்.

எதுவும் திரும்பவில்லை, ஆனால் யாரும் பார்ப்பதும் இல்லை, நல்ல வாடிக்கையாளருக்கும் ஸ்பாமில் போகிறது

எல்லாவற்றிலும் கடினமானது இது. திரும்பி வராத முகவரி உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இங்கே கவிழ்க்கிறது.

தனிப்பட்ட கூகள் கணக்கை 2 ஆண்டு தொடாமல் விட்டால் அழித்துவிடலாம் என்பது கூகளின் விதி. 2023 டிசம்பரில் அழிக்கத் தொடங்கினார்கள். யாஹூ 12 மாதம் தொடாத கணக்கை மூடலாம். அந்தக் காலம் முடியும் வரை பெட்டி திறந்தே கிடக்கும். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு சலுகையும் உள்ளே விழும், எடுக்க ஆளில்லை. இந்தக் கடை அனுப்புவதை யாரும் தொடுவதில்லை என்பது மட்டும் ஜிமெயில் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

அடுத்த கட்டம் பொறி. ஆள் முகவரியைத் துறந்த பின் பல மாதம், பொதுவாக ஓராண்டு அளவுக்கு, வருகிற எல்லாவற்றையும் அஞ்சல் நிறுவனத்தார் 5.1.1 என்று திருப்பி அனுப்புவார்கள். பிறகு அதே முகவரியை மீண்டும் திறந்து, ஸ்பாம் பிடிக்கும் பொறியாக வைப்பார்கள். அத்தனை காலம் திரும்பியும் நிறுத்தாமல் அனுப்புபவர் பட்டியலைப் பார்ப்பதே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எலிப்பொறியில் கருவாடு வைத்த மாதிரிதான். நேர்மையாக நடந்தவன் அந்தப் பக்கம் போகவே காரணம் இல்லை. பொறி திரும்பி வராது, பதில் போடாது, எந்தச் சோதனைக் கருவியிலும் தெரியாது. யாருமே பயன்படுத்தாத முகவரிகளை இணையப் பக்கங்களில் ஒளித்து வைக்கும் பொறிகளும் உண்டு. இணையத்தில் சுரண்டிச் சேர்த்த, பென்டிரைவில் விற்கிற பட்டியல்கள் அவற்றில்தான் மாட்டும். அப்படி ஒரு பட்டியல் உங்களுடையதோடு கலந்திருந்தால் பிரித்தெடுக்கப் பார்க்காதீர்கள். வந்த தேதியை வைத்து மொத்தமாக வெட்டுங்கள்.

மற்றவற்றுக்கு வழி, திறந்தாரா என்று பார்ப்பது அல்ல. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டில் ஐபோனின் மெயில் செயலி படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுவதால், பார்க்காத அஞ்சலும் திறந்ததாகவே கணக்கில் ஏறும். நம்பக்கூடியவை இவை: கடைக்கு வந்து வாங்கினாரா, பதில் எழுதினாரா, இணைப்பைச் சொடுக்கி உள்ளே போய் ஏதாவது செய்தாரா. பில் போடும் கணினியிலிருந்து கடைசியாக வாங்கிய தேதியை எடுத்து ஈமெயில் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேருங்கள். பிறகு மூன்று குவியல்.

கடந்த 12 மாதத்துக்குள் ஏதாவது தடயம் இருப்பவர்கள் முதல் குவியல். அடுத்த நான்கு வாரத்துக்கு இவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், அதுவும் வாரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 12 முதல் 24 மாதம் வரை தடயம் இல்லாதவர்களுக்கு ஒரே ஓர் அஞ்சல்: தொடர்ந்து அனுப்பவா, வேண்டுமென்றால் இதைச் சொடுக்குங்கள் என்று. அதையும் மொத்தமாக விடாமல் நாளைக்கு 50 முதல் 100 வரை. ஒரு நாள் தொகுதியில் 2 விழுக்காட்டுக்கு மேல் திரும்பினால் அங்கேயே நிறுத்துங்கள், மீதம் உள்ளவையும் அதே தரம்தான். இரண்டு வாரத்தில் சொடுக்காதவர் நிறுத்தப் பட்டியலுக்குப் போகிறார். 24 மாதத்துக்கு மேல் தடயமே இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வியைக்கூட அனுப்பக் கூடாது. பொறிகள் கிடப்பது அந்தக் குவியலில்தான். ஆயிரம் பெயரை ஒரே நாளில் தூக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. பட்டியலின் நீளத்தைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் அப்படி. ஆனால் அந்த ஆயிரமும் ஒரு சேலைகூட வாங்கியதில்லை.

முகவரி சோதிக்கும் இணையச் சேவைகளை இதற்கு நம்ப வேண்டாம். பெட்டி இருக்கிறதா என்றுதான் அவை சர்வரைக் கேட்கும், ஆள் இருக்கிறாரா என்று அல்ல. எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் டொமைன்களில் எல்லாமே நல்லது என்றுதான் பதில் வரும். அதோடு, வாடிக்கையாளர் பட்டியலை முன்பின் தெரியாத வெளிநாட்டு நிறுவனத்திடம் ஏற்றுவது 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்களையே கேள்வி கேட்க வைக்கும் காரியம்.

தேறுகிறதா என்று பார்க்கக் கூகளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம். ஸ்பாம் புகார் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது என்பது ஜிமெயிலின் அளவுகோல். சில நூறு பேருக்கு அனுப்பும் கடைக்கு அங்கே வெற்றுப் பக்கம்தான் தெரியும். அப்போது கடைக்கு வருபவர்களில் ஐந்தாறு பேரிடம் அஞ்சல் எங்கே விழுந்தது என்று போனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பாமில் இருந்து, அவர்களுக்கு அது வேண்டும் என்றால், ஸ்பாம் இல்லை என்ற பொத்தானை அழுத்தச் சொல்லலாம்.

நடுவில் 7 உள்ள எண்ணோடு திரும்புகிறது, அல்லது பாதி போய் நின்றுவிடுகிறது

முதலில் எதிலிருந்து அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். சாதாரண ஜிமெயிலில் பிசிசியில் (மறைநகல் கட்டத்தில்) முகவரிகளைக் கொட்டி அனுப்பினால் நாளைக்கு 500 பேரோடு நின்றுவிடும். 24 மணி நேரம் வரை எதுவும் அனுப்ப முடியாது. அது விளம்பரத்துக்கான கருவி இல்லை. மெயில்சிம்ப் போன்ற மொத்த அஞ்சல் அனுப்பும் சேவையில் ஏறி, அனுப்புநர் இடத்தில் மட்டும் ஜிமெயில் அல்லது யாஹூ முகவரியைப் போடுவதும் சரிவராது. தன் பெயரில் வேறு சர்வரிலிருந்து வருவதை மறுக்கும்படி யாஹூ 2014லேயே சொல்லிவிட்டது. சொந்த டொமைன் வேண்டும்.

டொமைனில் மூன்று பதிவுகள் இருக்க வேண்டும். எஸ்பிஎஃப், எந்தச் சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது. ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்று, அதற்குள் பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல் (டொமைன் பதிவேட்டில் தேடுவது) வந்தால் செல்லாது. சேவைகளை மாற்றும்போது பழையதை நீக்காமல் இரண்டாவது பதிவு போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு இருந்தால் இரண்டும் வீண். டிகிம் என்பது ஒவ்வொரு அஞ்சலிலும் ஏறும் கையொப்பம். டிமார்க், இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற உத்தரவு. ஜிமெயிலுக்கு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புபவருக்கு 2024 பிப்ரவரி முதல் மூன்றும் கட்டாயம், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். அவுட்லுக்கும் 2025 மே மாதம் இதே 5,000 கணக்கில் மூன்று பதிவுகளையும் கட்டாயமாக்கியது, இல்லாவிட்டால் 5.7.515 என்று திருப்பும். கடைக்காரருக்கு அவ்வளவு எண்ணிக்கை இல்லை என்றாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் 421 4.7.28 என்று வந்தால் குற்றம் பட்டியலில். முந்தைய பகுதிக்குப் போங்கள்.

அஞ்சல் அனுப்பும் சேவை நிறுவனம் கணக்கை நிறுத்திவிட்டது, அல்லது ஸ்பாம் அனுப்புபவர்களைக் குறிக்கும் ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் பெயர் வந்துவிட்டது

வேறு பெயரில் புதுக் கணக்குத் திறந்து அதே பட்டியலை ஏற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. அதுவும் சில நாளில் நிற்கும், டொமைனின் பெயரும் சேர்ந்து கெடும். அமேசானின் அஞ்சல் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ், திரும்பும் விகிதம் 5 விழுக்காட்டைத் தொட்டால் கணக்கை ஆய்வில் வைக்கும், 10ஐத் தாண்டினால் அனுப்புவதையே நிறுத்தலாம். புகாரில் இந்த எல்லைகள் 0.1, 0.5. ஆயிரம் பேரில் ஐந்து பேர் ஸ்பாம் என்று அழுத்தினால் போதும்.

செய்ய வேண்டியது: அனுப்புவதை முழுதாக நிறுத்துங்கள், பட்டியலை மேலே சொன்னபடி வெட்டுங்கள், பிறகு எழுதுங்கள். எழுதும்போது முகவரிகள் எப்படி வந்தன, எந்தப் பகுதியை நீக்கினீர்கள், இனிமேல் எப்படிச் சேர்ப்பீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். எந்தப் பொறியில் மாட்டினோம், அதை மட்டும் நீக்கிவிடுகிறோம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். ஸ்பாம்ஹாஸ் பெயரை நீக்கக் கட்டணம் வாங்குவதில்லை. நீக்கித் தருகிறேன் என்று இத்தனை வெள்ளி (ரிங்கிட்) கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

நீக்கிய முகவரி அடுத்த தீபாவளிக்கு மறுபடி முளைக்கிறது

பட்டியல் ஒரே இடத்தில் இல்லை என்பதே காரணம். பில் போடும் கணினியில் ஒன்று, மகள் மடிக்கணினியில் எக்செல் ஒன்று, அனுப்பும் சேவையில் ஒன்று. பழைய எக்செலை யாரோ மறுபடி ஏற்றியதும் நிறுத்தியவை எல்லாம் எழுந்து வரும்.

திரும்பிய முகவரியையும் விலகியவர் முகவரியையும் அடியோடு அழிக்காதீர்கள். அனுப்பாதே என்ற தனிப் பட்டியலில் வையுங்கள். பெயர், பிறந்தநாள், அடையாள அட்டை எண் எதுவும் வேண்டாம், முகவரி மட்டும். எந்தப் புதுப் பட்டியலை ஏற்றினாலும் இதோடு ஒப்பிட்ட பிறகே அனுப்ப வேண்டும். மெயில்சிம்ப் போன்றவற்றில் விலகியவரும் நிரந்தரமாகத் திரும்பியவையும் அந்தக் கணக்கில் குறித்து வைக்கப்படுகின்றன. சேவை மாறும்போது அந்தப் பகுதியை மறக்காமல் இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எக்செலில் மீதம் உள்ள விவரங்களை அழிப்பது சட்டப்படியும் தேவை: தனிநபர் தரவுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது, 11ஆம் பிரிவு வைத்திருப்பது சரியாக இருக்க வேண்டும் என்கிறது.

புதிதாகச் சேர்ப்பதில் கை வைத்தால் இந்த வேலையே குறையும். கல்லாவில் முகவரியைக் கேட்டதும் அங்கேயே ரசீதை அதற்கு அனுப்பி, வந்ததா என்று கேளுங்கள். திரும்பினால் வாடிக்கையாளர் எதிரிலேயே நிற்கிறார், திருத்திவிடலாம். விளம்பரம் வேண்டுமா என்பதற்குத் தனிக் கட்டம், அதை அவரே டிக் செய்ய வேண்டும். பிறகு உறுதிசெய்யும் இணைப்பு ஒன்று அவர் பெட்டிக்குப் போய், அதைச் சொடுக்கினால் மட்டும் பட்டியலில் சேர வேண்டும். தகவல் ஏன் வாங்குகிறோம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழில் மட்டும் ஒட்டினால் போதாது. குலுக்கல் சீட்டில் ஈமெயில் கட்டமே வேண்டாம். பரிசு விழுந்தால் கூப்பிடக் கைத்தொலைபேசி எண் போதும்.

அனுப்பாத அஞ்சல் எல்லாம் நமக்குத் திரும்பி வருகிறது

யாரோ உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு, செத்த முகவரிகளுக்கு அனுப்புகிறார்கள். திரும்பியவை உங்கள் தலையில் விழுகின்றன. திரும்பிய ஒன்றின் உள்ளே மூல அஞ்சலின் தலைப்பு வரிகள் இருக்கும். அதில் முதலில் கிளம்பிய சர்வர் உங்களுடையதா என்று பாருங்கள். உங்களுடையது என்றால் கடவுச்சொல் திருடு போயிருக்கிறது: கடவுச்சொல்லை மாற்றி, எல்லா கருவிகளிலிருந்தும் வெளியேறி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, தெரியாத தானியங்கி விதி அல்லது வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இருக்கிறதா என்று அமைப்புகளில் தேடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு இந்தத் தேடலை விடுபவர்களுக்கு ஒரு வாரத்தில் மறுபடி வரும்.

உங்களுடையது இல்லை என்றால் வெறும் போலிப் பெயர். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் போட்டு, வரும் அறிக்கைகளை இரண்டு மூன்று வாரம் பாருங்கள். உங்கள் சொந்த அஞ்சல் எல்லாம் தேறுகிறது என்று தெரிந்த பின் ஸ்பாமுக்குத் தள்ளும் நிலைக்கும், பிறகு மறுக்கும் நிலைக்கும் ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் மறுப்பு என்று போட்டால் உங்கள் ரசீதும் போகாது.

வேலையை விட்டுப் போனவர் பெயருக்கு விளம்பரம் வந்து குவிகிறது

இது வாங்குகிற பக்கத்தின் கோளாறு. பழைய கிராணியின் முகவரியை மேலாளருக்குத் திருப்பிவிட்டு அப்படியே மறந்திருப்பார்கள். அல்லது டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கும்; அதை உடனே நிறுத்துங்கள், ஊகித்து அனுப்புபவர்களுக்கு அது திறந்த வீடு.

விட்டுப் போனவரின் முகவரியை 90 நாள் திருப்பிவிடுங்கள். அதற்குள் வங்கி, உரக் கம்பெனி, கணக்காய்வாளர் போன்று வேண்டியவர்களுக்குப் புது முகவரியைத் தெரிவித்துவிடலாம். பிறகு கணக்கை மூடி, வருவதை வாசலிலேயே 550 5.1.1 என்று மறுக்கச் செய்யுங்கள். வாங்கிக்கொண்டு ஓசையில்லாமல் அழிப்பது தவறு. அனுப்புபவருக்குப் போய்ச் சேர்ந்தது என்றே கணக்கு. இவர் இப்போது இங்கே இல்லை என்று தானாகப் பதில் போடும் ஏற்பாடும் வேண்டாம். போலிப் பெயரில் வந்த அஞ்சலுக்கு அந்தப் பதில் சம்பந்தமில்லாத ஒருவருக்குப் போகும்.

யாரோ ஒருவர் பெயரில் நமக்கு விளம்பரம் வருகிறது

பெயர் வேறு, முகவரி உங்களுடையது. முன்னால் அந்த யாஹூ முகவரியை வைத்திருந்தவருக்கு வருவதாக இருக்கலாம். மூடிய பெயர்களை மறுபடி புதியவர்களுக்குத் தருவதாக யாஹூ 2013இல் அறிவித்தது. ஜிமெயிலில் அழித்த முகவரியை வேறு யாருக்கும் தருவதில்லை, ஆகவே அங்கே பெரும்பாலும் யாரோ தவறாக எழுதிக் கொடுத்ததுதான்.

தெரிந்த நிறுவனம் என்றால் ஜிமெயில் மேலே காட்டும் விலகல் பொத்தானைப் பயன்படுத்துங்கள். முன்பின் கேள்விப்படாத பெயர் என்றால் உள்ளே எதையும் சொடுக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். ஸ்பாம் பொத்தான் போதும். விலகியும் வருகிறது, நிறுவனம் மலேசியாவில் இருக்கிறது என்றால் தனிநபர் தரவுச் சட்டத்தின் 43ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் நிறுத்தச் சொல்லுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ நாலு வரி போதும்: வருகிற முகவரி, வந்த தேதிகள், இது நேரடி விளம்பரம், தனிநபர் தரவுச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி இந்தத் தேதிக்குள் நிறுத்துங்கள் என்று. அதன் பிறகும் வந்தால் கடிதத்தின் நகலையும் புதிதாக வந்த அஞ்சலின் முழுத் தலைப்பு வரிகளையும் தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையிடம் கொடுங்கள். ஆணையர் நிறுத்தச் சொல்லியும் கேட்காவிட்டால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அரசாங்க அலுவலகங்கள் அனுப்புவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்கு அந்த அலுவலகத்திடமேதான் கேட்க வேண்டும்.